நுண்ணுயிர் மின்சாரம்: வோல்ட்டைச் சொன்னால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் வட்டாரத்தில் நடந்த அறிவியல் கண்காட்சி ஒன்றுக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் பிளாஸ்டிக் வாளியில் குளத்துச் சேற்றை நிரப்பி, சேற்றுக்குள் ஒரு கரித்தகட்டைப் புதைத்து, மேலே நின்ற நீரில் மற்றொரு கரித்தகட்டை வைத்திருந்தார். இரண்டிலிருந்தும் வந்த கம்பிகள் ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கில் முடிந்தன. விளக்கு எரிந்தது. 'சேற்றுப் பாக்டீரியாக்கள் தரும் மின்சாரம்' என்று அட்டையில் எழுதியிருந்தார். எல்லோரும் வியந்தோம், முதற்பரிசும் கொடுத்தோம்.

மாலையில் பொருள்களை எடுத்துக் கட்டும்போது, மேசை விரிப்பின் அடியில் இரண்டு பென்சில் செல்கள் இருப்பதைக் கண்டேன். மாணவரின் முகம் வாடிவிட்டது. "ஏன் தம்பி இப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன். "வோல்ட் மீட்டர்ல 0.4 காட்டுச்சு சார். ஆனா விளக்கு எரியல. பேப்பர்ல எரியும்னு போட்டிருந்தாங்க. நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

சோதனையில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. சிவப்பு எல்.இ.டி. ஒளிவிட ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். சேற்று மின்கலம் ஒன்று 0.4 வோல்ட் காட்டுவது முற்றிலும் சரியான முடிவு. வெற்றி பெற்ற ஒரு சோதனையைத் தோல்வி என்று எண்ணியே அவர் செல்களை ஒளித்து வைத்தார். "எத்தனை மில்லி ஆம்பியர்?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் பரிசளித்த எனக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பெரும் பங்கு, இத்துறையைப் பற்றி உலகெங்கும் வெளியாகும் அறிவிப்புகளையே சாரும். அவற்றுள் சிலவற்றை இயற்பியல் தராசில் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாக்டீரியா எவ்வாறு மின்சாரம் தருகிறது?

நாம் உண்ணும் உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள், பல படிகளைக் கடந்து, இறுதியில் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைச் சென்றடைகின்றன. அந்தப் பயணத்தில் வெளிப்படும் ஆற்றலே நம்மை வாழவைக்கிறது. சேற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கு வாழும் சில பாக்டீரியாக்கள் தம் எலக்ட்ரான்களை இரும்பு ஆக்சைடு போன்ற கனிமங்களிடம் ஒப்படைக்கின்றன. அக்கனிமத்தின் இடத்தில் ஒரு கரித்தகட்டை வைத்தால், எலக்ட்ரான்கள் அதில் இறங்குகின்றன. கம்பி வழியாக ஓடி, காற்றுப்படும் மற்றொரு தகட்டில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. இதுவே நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம்.

இது புதிய செய்தியன்று. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர், 1911-ஆம் ஆண்டிலேயே ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் கொண்டு மின்னழுத்தம் பெற்றுக் காட்டினார். 1931-இல் அமெரிக்காவின் பார்னெட் கோகன் இத்தகைய கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் பெற்றார். 35 வோல்ட் என்றதும் நமக்கு வியப்பு மேலிடுகிறது. ஆனால் அதில் கிடைத்த மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர் மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் 0.07 வாட். மின்னழுத்தத்தை மட்டும் சொல்வது, ஓர் அருவியின் உயரத்தைச் சொல்லிவிட்டு அதில் விழும் நீரின் அளவைச் சொல்லாமல் விடுவது போன்றது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்துறையின் அறிவிப்புகளில் இக்குறை நீங்கவில்லை.

உயிருள்ள கம்பிகள்

1987-இல் டெரிக் லவ்லியும் அவருடைய குழுவினரும், வாஷிங்டன் அருகே ஓடும் பொட்டோமாக் ஆற்றின் வண்டலிலிருந்து கிடைத்த ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார்கள். பின்னாளில் அது ஜியோபாக்டர் என்று பெயர் பெற்றது. இரும்பு ஆக்சைடையே 'சுவாசிக்கும்' உயிர் அது. 2002-இல் இவ்வினப் பாக்டீரியாக்கள் மின்வாயின்மீதும் வாழ வல்லவை என்பது தெரிந்தது. 2005-இல் அவற்றின் உடலிலிருந்து நீளும் மெல்லிய புரத இழைகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று அறிவிக்கப்பட்டது. புரதம் ஒரு கம்பியாக முடியுமா? உயிரியலார் பலர் நம்ப மறுத்தனர். 2019-இல், உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்தவர்கள், அவ்விழைகளில் இரும்பைத் தாங்கிய ஹீம் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்துக் கிடப்பதைக் கண்டார்கள். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதும் ஒரு வகை ஹீம்தான். ஆனால் இது 2005-இல் கருதப்பட்ட இழையன்று. வேறொரு புரதத்தால் ஆனது. எது உண்மையான கம்பி என்னும் வாதம் அறிஞர்களிடையே இன்றும் முற்றுப்பெறவில்லை.

இந்த வரலாறு முழுவதும் நல்ல அறிவியல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சோதித்து, திருத்தி, முன்னேறியிருக்கிறார்கள். இவ்வாய்வுக்கு அமெரிக்க எரிசக்தித் துறையும் கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும் பல ஆண்டுகள் நிதியளித்தன. எரிசக்தித் துறையின் அக்கறைக்கு ஒரு முக்கியக் காரணம், அணுஆயுதக் காலத்தில் நிலத்தடி நீரில் கலந்துவிட்ட யுரேனியம். நீரில் கரையும் யுரேனியத்துக்கு ஜியோபாக்டர் எலக்ட்ரான்களை ஊட்டினால், அது எளிதில் கரையாத வடிவமாகி மண்ணில் தங்கிவிடும். கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்னுமிடத்தில் இதைக் களத்திலேயே சோதித்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டார்கள். இது ஆராய்ச்சிக்கு ஏற்ற, அளவறிந்த நோக்கம்.

காற்றிலிருந்து மின்சாரமா?

2020 பிப்ரவரியில் நிலைமை மாறியது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஜுன் யாவோ, லவ்லி ஆகியோரின் குழுவினர், ஜியோபாக்டரின் புரத இழைகளைப் பிரித்தெடுத்து 7 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள படலமாக்கினார்கள். அதன் இருபுறமும் மின்வாய்களை வைத்தபோது, காற்றிலுள்ள ஈரத்தால் ஏறத்தாழ 0.5 வோல்ட் தொடர்ந்து கிடைத்தது. 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளிவந்தது. வெறுங்காற்றிலிருந்து மின்சாரம் என்று பல்கலைக்கழகம் அறிவிக்க, செய்தித்தாள்கள் அதைப் பன்மடங்கு பெருக்கின.

அக்கட்டுரையிலேயே இரண்டாவது எண்ணும் இருந்தது. செய்திகளில் அது காணாமற்போயிற்று. மின்னோட்டம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 17 மைக்ரோ ஆம்பியர் அளவு. வாசகர்களே கணக்கிட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டும் 17 மைக்ரோ ஆம்பியரும் ஒரே வேளையில் முழுதாகக் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8.5 மைக்ரோ வாட். ஒரு சதுர மீட்டருக்கு 0.085 வாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு நூறு சதுர மீட்டருக்கு மேல் படலம் வேண்டும். உண்மையில் எந்த மின்கலத்திலும் பெரும மின்னழுத்தமும் பெரும மின்னோட்டமும் ஒருசேரக் கிடைப்பதில்லை. அகமின்தடை மட்டுமுள்ள எளிய மின்கலமாகக் கொண்டால், கிடைப்பது அப்பெருக்குத் தொகையில் கால்பங்கு. அப்போது ஒரு பல்புக்கு நானூறு சதுர மீட்டர், அதாவது பத்து சென்ட் நிலப்பரப்பு தேவை! நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் சூரிய மின்தகடு 200 வாட் அளவுக்குத் தருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். படலம் இரவிலும் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆயினும் ஈராயிரம் மடங்கு வேறுபாட்டை அது ஈடுசெய்யாது. படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஈரக்காற்றைத் தொட்டாகவேண்டும் என்பதால், இடைவெளியும் காற்றோட்டமும் தேவைப்படும்.

வெப்ப இயக்கவியல் படித்த மாணவர் இன்னுமொரு கேள்வியும் கேட்கவேண்டும். எங்கும் ஒரே வெப்பநிலையும் ஒரே ஈரப்பதமும் நிலவும் சமநிலைச் சூழலிலிருந்து இடைவிடாமல் வேலையைப் பெற முடியாது என்பது இரண்டாம் விதி. ஆகவே படலத்தின் மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் இடையே ஈரத்தில் ஒரு வேறுபாடு இருந்துகொண்டே இருக்கவேண்டும். ஆய்வாளர்களும் அதையே காரணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அவ்வேறுபாட்டை அழிந்துவிடாமல் காப்பது எது? அதற்கான ஆற்றலை யார் தருகிறார்கள்? 'காற்றிலிருந்து' என்று சொல்வது இக்கேள்விக்கு விடையாகாது.

2023-இல் அதே யாவோவின் ஆய்வுக்கூடம் மற்றொரு முடிவை வெளியிட்டது. 100 நானோமீட்டருக்கும் குறைந்த துளைகள் கொண்ட வெவ்வேறு பொருள்களிலும் இவ்விளைவைப் பெறலாம் என்பதே அது. அப்படியானால் பாக்டீரியாவின் புரதக்கம்பிதான் இதன் உயிர்நாடி என்று முதலில் நாம் கொண்ட எண்ணம் என்னாயிற்று? தம் முடிவைத் தாமே விரிவாக்கியது ஆய்வாளர்களின் நேர்மைக்குச் சான்று. முந்தைய ஆரவாரத்தை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

மதுத் தொழிற்சாலையில் ஒரு சோதனை

இனி, பாக்டீரியாவை நேரடியாகவே பயன்படுத்திய ஒரு முயற்சியைக் காண்போம். 2007-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார், பிரிஸ்பேன் அருகே யட்டாலாவிலுள்ள ஃபாஸ்டர்ஸ் பீர் ஆலையின் கழிவுநீரில் மின்சாரம் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். மாநில அரசு 1,40,000 ஆஸ்திரேலிய டாலர் வழங்கியது. 2,500 லிட்டர் கலம் 2 கிலோவாட் தரும், ஒரு வீட்டுக்கு அது போதும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் 3 மீட்டர் உயரமுள்ள 12 குழாய்கள் கொண்ட சோதனைக் கலம் நிறுவப்பட்டது. கழிவுநீரின் குறைந்த மின்கடத்துதிறனும், ஆக்சிஜனை ஏற்கும் மின்வாய்மீது படிந்த பாசம் போன்ற உயிர்ப்படிவும் அதை முடக்கின.

ஆய்வுக்கூடத்தில் வென்றது ஆலையில் ஏன் வெல்லவில்லை? காரணங்கள் இயற்பியல் பாடநூலிலேயே உள்ளன. ஆய்வுக்கூடக் கலம் உள்ளங்கையளவுதான். மின்வாய்களுக்கு இடையே ஓரிரு சென்டிமீட்டர் தூரம். உப்புச் சேர்த்த கரைசல். ஆகவே மின்தடை குறைவு. பெரிய கலத்தில் தூரம் கூடுகிறது. கழிவுநீரோ நன்கு கடத்துவதில்லை. மேலும் மின்வாயைத் தொட்டு நிற்கும் பாக்டீரியாவே எலக்ட்ரானைத் தருகிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் கொள்ளளவு கூடுமேயன்றி, அதே விகிதத்தில் மின்வாய்ப்பரப்பு கூடாது. சரி, சிறுகலங்களைத் தொடராக இணைக்கலாமே என்றால், ஏதேனும் ஒரு கலம் உணவின்றிச் சோர்ந்தாலும் அதன் மின்னழுத்தம் தலைகீழாகி மற்றக் கலங்களுக்குச் சுமையாகிவிடுகிறது.

நம் கழிவில் எவ்வளவு மின்சாரம்?

பொறியியல் தடைகள் எல்லாம் என்றாவது நீங்கும் என்றே கொள்வோம். அப்போது கிடைக்கக்கூடிய உச்ச அளவு என்ன? ஒருவர் ஒரு நாளில் கழிவுநீரில் சேர்க்கும் கரிமப்பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்ய ஏறத்தாழ 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 32 கிராம் ஆக்சிஜன் 4 மோல் எலக்ட்ரான்களை ஏற்கும். எனவே 100 கிராம் 12.5 மோல் எலக்ட்ரான்களை ஏற்கும். ஃபாரடே எண்ணாகிய 96,500-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 12 லட்சம் கூலும். ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால், 14 ஆம்பியர்!

பெரிய எண்தான். ஆனால் இக்கலத்தில் கொள்கையளவில் கிடைக்கக்கூடிய மின்னழுத்தம் 1.1 வோல்ட் அளவே. ஆகவே எவ்வித இழப்பும் இல்லாவிட்டாலும் ஆளொருவருக்கு 15 வாட். நடைமுறையில் வேலை செய்யும்போது மின்னழுத்தம் 0.3 வோல்ட்டுக்கு இறங்குகிறது. எலக்ட்ரான்களில் பாதியை, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களும் பிறவும் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், மிஞ்சுவது 2 வாட். 70 வாட் மின்விசிறி ஒன்றைச் சுழற்ற 35 பேரின் கழிவு வேண்டும். சாக்கடையால் நகரமே ஒளிரும் என்ற கனவு இங்கே முடிந்துவிடுகிறது. எந்தக் கண்டுபிடிப்பாலும் இந்த 15 வாட் என்னும் கூரையைத் தாண்ட முடியாது. மேலும், கழிவிலிருந்து ஆற்றல் பெறுவதற்கு நாம் நன்கறிந்த வேறொரு வழியும் உண்டு. சாண எரிவாயுக் கலனில் வேலை செய்வதும் நுண்ணுயிர்களே. அதற்கு விலையுயர்ந்த மின்வாய் எதுவும் வேண்டியதில்லை.

அப்படியானால் இவ்வாராய்ச்சி வீணா?

இல்லை. இங்கேதான் என் வாதத்தின் முக்கியப் பகுதி இருக்கிறது.

வழக்கமான கழிவுநீர் நிலையங்களில் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதற்காகக் காற்றை இடைவிடாமல் செலுத்துகிறார்கள். ஒரு கன மீட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்க அரை யூனிட் மின்சாரம் செலவாவதாகக் கொள்வோம். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால், சராசரியாக 3 வாட் மின்திறன் தொடர்ந்து செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் காற்றூட்டுவதற்கே போகிறது. நுண்ணுயிர் மின்கலத்தில் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. மின்வாயே அதற்கு ஆக்சிஜன். காற்றூட்டும் செலவு மிச்சம். அகற்றவேண்டிய கசடும் குறைவு. அதாவது, இக்கலம் தரும் 2 வாட்டைப் போல ஏறத்தாழ அதே அளவு மின்சாரத்தை அது செலவழிக்காமலும் மிச்சப்படுத்துகிறது. இதன் பெருமை நீரைத் தூய்மையாக்குவதில் இருக்கிறது. மின்சாரம் அதற்குக் கிடைக்கும் கொசுறு. அறிவிப்புகளோ கொசுறைத் தலைப்பில் போட்டுவிட்டுச் சரக்கை மறந்துவிடுகின்றன.

அளவறிந்து செய்யப்பட்ட வேலைகளும் உண்டு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தினர், ஆற்றுப்படுகைச் சேற்றில் மின்வாய்களைப் பதித்து, வானிலை அளக்கும் மிதவை ஒன்றை இயக்கிக்காட்டி 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குத் தேவைப்பட்டது சில பத்து மில்லிவாட் மட்டுமே. ஆனால் மின்கலம் மாற்ற ஆள் போகமுடியாத இடத்தில் அந்த மில்லிவாட் விலைமதிப்பற்றது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இயோவானிஸ் இயரோபூலோஸ் குழுவினர், கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன், சிறுநீரில் இயங்கும் கலங்களை அமைத்தார்கள். 2015-இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் கழிப்பிடத்தில், அக்கழிப்பிடத்துக்கே விளக்கேற்றினார்கள். கிடைத்தது சராசரியாக ஒரு வாட்டுக்கும் குறைவு. இருளில் கழிப்பிடம் செல்ல அஞ்சும் பெண்களும் குழந்தைகளும் வாழும் அகதி முகாம்களுக்கு அந்தச் சிறு வெளிச்சம் போதும். நகரத்துக்கு மின்சாரம் என்று அவர்கள் வேலையைத் தொடங்கியிருந்தால், இதுவே ஒரு படுதோல்வியாகக் காட்சியளித்திருக்கும்!

புரதக் கம்பிகளும் அவ்வாறே. சூழலை உணர்ந்து தம் தன்மையை மாற்றிக்கொள்ளும் இத்தகைய பொருள்களுக்கு 'அறிவார்ந்த உயிரிப்பொருள்கள்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயரிலேயே சற்று விளம்பரம் கலந்திருக்கிறது. பொருளுக்கு அறிவில்லை, ஈரமோ அம்மோனியாவோ பட்டால் அதன் மின்கடத்துதிறன் மாறுகிறது, அவ்வளவே. ஆனால் அது ஓர் உணர்கருவிக்குப் போதும். உணர்கருவிக்கு மைக்ரோ வாட் ஒரு குறையே அன்று.

பின் ஏன் ஆற்றல், ஆற்றல் என்றே முழங்குகிறார்கள்? நிதி வழங்குவோர் உலகின் பெரும் சிக்கல்களுக்குத் தீர்வு கேட்கிறார்கள். விண்ணப்பிப்போரும் அந்த மொழியிலேயே எழுதப் பழகிவிட்டார்கள். அதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2009-இல் எக்ஸான் மொபில் நிறுவனமும் கிரெய்க் வென்டரின் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனமும், நுண்பாசிகளிலிருந்து எரிபொருள் எடுக்க 60 கோடி டாலர் வரை செலவிடக்கூடும் என அறிவித்தன. 2023 தொடக்கத்தில் எக்ஸான் அம்முயற்சியிலிருந்து விலகிய செய்தி வந்தது. பாசியின் மரபியலைப் பற்றி இடைக்காலத்தில் எவ்வளவோ கற்றார்கள். ஆனால் வாக்களித்தது எரிபொருள். ஆகவே உலகம் அதைத் தோல்வி என்றே எழுதிவைத்தது. தவறான அளவுகோலைத் தாமே கொடுத்தவர்கள், அந்த அளவுகோலாலேயே அளக்கப்படுகிறார்கள். நிதி வற்றும்போது நல்ல ஆராய்ச்சியும் சேர்ந்தே வாடுகிறது.

இனி இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். ஒன்று: வோல்ட்டோடு ஆம்பியரும், எவ்வளவு பரப்பில் என்பதும் சொல்லப்பட்டிருக்கின்றனவா? இரண்டு: எவ்வளவு ஆற்றல் உள்ளே போகிறது, எங்கிருந்து போகிறது? மூன்று: இதே வேலையை இப்போது செய்யும் முறையோடு ஒப்பிட்டார்களா? இம்மூன்றுக்கும் பெருக்கலும் வகுத்தலுமே போதும்.

அந்த மாணவரிடம் பரிசைத் திரும்பக் கேட்கவேண்டும் என்றார் நடுவர்களுள் ஒருவர். திரும்பப் பெற்றோம், அது சரியே. மறுவாரம் அவரை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, ஒரு மைக்ரோ அம்மீட்டரைக் கொடுத்தேன். வாளியோடு வந்தார். முள் மெல்ல நகர்ந்து நின்றது. விளக்கு எரியவில்லை. நாள்தோறும் வந்து, காலையும் மாலையும் அளவெடுத்து, ஒரு மாதத்திற்கு வரைபடம் வரைந்தார். சேற்றில் சிறிது சோற்றுக் கஞ்சி ஊற்றிய மறுநாள் மின்னோட்டம் ஏறியிருந்தது. அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியைக் கண்காட்சி மேடையில் நான் கண்டதில்லை. அந்த வரைபடத்துக்குத்தான் நாங்கள் முதற்பரிசு கொடுத்திருக்கவேண்டும்.